முப்பத்தோரு நாள் மாதங்கள்

ராஜபாளையம்
1.2.1990

அக்காவுக்கு ஞானதுரை எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம். அங்கே சுகமா என்று கேட்க மனசு வரவில்லை, ஆனாலும் கேட்டுவைக்கிறேன். அப்பாவை ஒன்பதே கால் பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன். போன தடவை மாதிரி ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் அவரை அரை மணி நேரம் நிற்க வைக்காதே. பள்ளிக்கூடத்தில் கேட்டால் டீச்சருக்கு ஒரு மணி நேரம் பர்மிஷன் தரமாட்டார்களா?

இருமல் மருந்து பையில் இருக்கிறது. காலையில் ரெண்டு இட்லி போதும் என்பார், நம்பாதே. போதும் என்று சொல்லிவிட்டு, ரத்தினம் இட்லிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்போது அந்தச் சட்டியையே பார்ப்பார். கேட்டு வாங்கிச் சாப்பிட்டால் என்னவாம்? என்னைப் பெற்றவருக்கு என் வீட்டில் என்ன கூச்சம்?

இன்னொரு விஷயம். அம்மா போன பிறகு போதகர் ஐயா நம் இருவரையும் உட்கார வைத்து, ஒரு மாதம் மகன் வீட்டில், ஒரு மாதம் மகள் வீட்டில் என்று பேசி முடித்தாரே, அன்றைக்கு ஒருத்தரும் காலண்டரைப் பார்க்கவில்லை. ஜனவரி, மார்ச், மே, ஜூலை என் பங்கு. நாலும் முப்பத்தோரு நாள். உனக்குப் பிப்ரவரி, இருபத்தெட்டே நாள். ரத்தினம்தான் கண்டுபிடித்துச் சொன்னாள். நான் இதையெல்லாம் பார்க்கிறவன் இல்லை என்று உனக்கே தெரியும். தெரிந்த பிறகு எப்படிச் சும்மா இருப்பது? அதனால் இந்தத் தடவை மார்ச் மூன்றாம் தேதி அனுப்பினால் போதும். கிறிஸ்துமஸ் எல்லா வருஷமும் உன் வீட்டிலேயே விழுகிறதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

கடிதத்தை வழக்கம்போல அப்பாவின் சட்டைப் பையில் வைத்து ஊக்குக் குத்தியிருக்கிறேன். அவர் கைநாட்டாக இருப்பதில் நமக்கு இந்த ஒரு வசதி.

ஞானதுரை


ஸ்ரீவில்லிபுத்தூர்
1.3.1990

தம்பி ஞானதுரைக்கு,

மூன்றாம் தேதி இல்லை. இன்றைக்கே அனுப்புகிறேன். இந்தக் கடிதமும் அவரோடுதான் வருகிறது.

உன் வீட்டுக்காரி காலண்டர் பார்க்கக் கற்றுக்கொண்டதில் சந்தோஷம். ஜூலையோடு ஏன் நிறுத்திவிட்டாள்? ஆகஸ்ட், அக்டோபர், டிசம்பர் எல்லாம் யார் தலையில்? விரல் முட்டியை மடக்கிக் காட்டி எந்த மாதத்துக்கு எத்தனை நாள் என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். என்னிடமே இந்தக் கதையா?

கிறிஸ்துமஸ் அன்று அப்பா வேண்டுமென்றால் வந்து பார்த்துவிட்டுப் போயேன். உனக்கும் எனக்கும் நடுவில் பதினொரு கிலோமீட்டர். நீ வரமாட்டாய். நானும் அங்கே வரமாட்டேன். ஏன் வரமாட்டேன் என்று மறந்திருந்தால் இன்னொரு தரம் எழுதுகிறேன், வாசித்துக்கொள்.

அம்மா இறந்த சேதியை நீ பக்கத்துக் கடைக்குப் போன் பண்ணிச் சொன்னாய். கடைக்காரர் வியாபாரம் முடிந்து சாவகாசமாக வந்து சொன்னார். ஒரு ஆளை அனுப்பியிருந்தால் அரை மணி நேரத்தில் வந்திருப்பேன். நான் வந்து சேர்ந்தபோது பெட்டியை மூடி ஆணி அடித்துவிட்டாய். ஒரே ஒரு தரம் திறடா, முகத்தைப் பார்த்துக்கொள்கிறேன் என்று உன் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினேன். சபையார் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். “தெறக்கக் கூடாதுக்கா” என்று சொன்னவன் நீ. இனி உன் வாசல் மிதிக்கமாட்டேன் என்று அந்தப் பெட்டிமேல் கை வைத்துத்தான் சொன்னேன். இன்றைக்கும் அதே பேச்சுதான்.

அப்பாவுக்கு இங்கே மூன்று இட்லி வைத்தேன். சாப்பிட்டார்.

தங்கபாய்


ராஜபாளையம்
18.8.1990

அக்காவுக்கு,

தபாலில் எழுதுகிறேன் என்றாலே விஷயம் இருக்கிறது என்று புரிந்துகொள். எங்கள் மில்லைப் பூட்டி நாற்பது நாள் ஆகிறது. கேட்டில் சங்கிலி போட்டுக் காக்கிச் சட்டைக்காரர்கள் நிற்கிறார்கள். நாங்கள் எதிர்ப்புறம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து எழுந்து வருகிறோம். காலனியில் பாதிப் பெண்கள் தளவாய்புரத்துக்குத் தையல் வேலைக்குப் போகிறார்கள். ரத்தினமும் போகிறாள், ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைக்க. போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபையில் மில்காரக் குடும்பங்களுக்கு அரிசி கொடுத்தார்கள். நான் வாங்காமல் வந்துவிட்டேன். ரத்தினம் திரும்பப் போய் வாங்கிவந்தாள். அவளை நான் திட்டினேன், பொறவு அந்தச் சோற்றைத்தான் சாப்பிட்டேன்.

செப்டம்பர் என் முறை. தெரியும். இந்த ஒரு மாதம் மட்டும் அப்பாவை நீயே வைத்துக்கொள். உன் தம்பி கேட்கிறேன் என்று நினைக்கவேண்டாம், யாரோ ஒருத்தன் கேட்கிறான் என்று நினைத்துச் செய்.

பெட்டி விஷயம் எழுதியிருந்தாய். அம்மா முகம் வீங்கிப்போய் பார்க்கிற மாதிரி இல்லை அக்கா. ஜூன் மாத வெயில். நீ அந்த முகத்தைப் பார்த்து, ஆயுசுக்கும் அதையே நினைத்துக்கொண்டிருக்க வேண்டாம் என்றுதான் திறக்கவிடவில்லை. இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம். நீ கூட்டத்துக்கு நடுவில் என்னைக் கொலைகாரன் என்றாய், எனக்கு வாய் வரவில்லை.

ஞானதுரை


ஸ்ரீவில்லிபுத்தூர்
24.8.1990

தம்பிக்கு,

முடியாது. முறை என்றால் முறைதான்.

உனக்குக் கஷ்டகாலம், எனக்கு மட்டும் கல்யாணகாலமா? வாடகை வீடு, ஒரே ரூம். உன் அத்தான் சாத்தூரிலிருந்து சனிக்கிழமை வந்தால் அப்பா பாயைச் சுருட்டிக்கொண்டு வராண்டாவுக்குப் போய்விடுகிறார். அவராகவே போகிறார், நான் சொல்லவில்லை. அதைப் பார்க்கும்போது எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருக்கிறது. நீ அப்பா கட்டின வீட்டில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு எனக்கு எழுதுகிறாய்.

அம்மா முகம் வீங்கியிருந்தால் என்ன? என் அம்மா. எனக்காகப் பார்க்கவும் எனக்காக மறைக்கவும் உன்னை யார் வைத்தது? இந்த விளக்கத்தை ரெண்டு வருஷம் கழித்து, உனக்கு ஒரு காரியம் ஆகவேண்டிய நேரத்தில்தான் எழுதத் தோன்றியதா?

ஒன்றாம் தேதி ஒன்பதரைக்கு வருவார். பஸ் ஸ்டாண்டில் நில்.

தங்கபாய்


ராஜபாளையம்
1.10.1990

அக்காவுக்கு,

முறையை முடித்து அனுப்புகிறேன். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி முப்பது நாளும் வைத்துக்கொண்டோம். உனக்குத் திருப்தியா?

போன புதன்கிழமை அப்பா குழாயடியில் மயங்கி விழுந்தார். “ஒண்ணுமில்லலே, வெயிலு” என்றார். இழுத்துக்கொண்டுபோய் டாக்டரிடம் காட்டினேன். இதயம் பலவீனமாக இருக்கிறதாம், தண்ணீர் கோர்த்திருக்கிறதாம். மாத்திரைச் சீட்டு வைத்திருக்கிறேன். மாடிப்படி ஏறவிடாதே. எப்போது வேண்டுமானாலும் எதுவும் ஆகலாம் என்று டாக்டர் சொன்னார். அப்பாவிடம் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

இந்தத் தடவை ஏதாவது ஆனால் ஆளை அனுப்பிச் சொல். உன்னை மாதிரி நானும் கடைக்காரர் வந்து சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டாம்.

ஞானதுரை


ஸ்ரீவில்லிபுத்தூர்
1.11.1990

தம்பிக்கு,

இங்கேயும் ஒரு டாக்டரிடம் காட்டினேன். மழைக்காலம் தாண்டுவது கஷ்டம் என்றார். அதனால் பேசவேண்டியதைப் பேசிவிடுவோம்.

வீட்டுக்கார அம்மா வெள்ளத்தாய் நேற்று என்னைக் கூப்பிட்டு, “டீச்சர், தப்பா நெனைக்காதீய. பெரியவருக்கு ஏதாவதுன்னா மொதல்லயே கூட்டிட்டுப் போயிருங்க. எம் மகளுக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டு இருக்கோம். இந்த வீட்டுல சாவு விழுந்தா பொறவு எவிய வருவாவ?” என்றாள். அவளைக் குறைசொல்ல முடியாது. வேறு வீடு தேட இப்போது என்னால் முடியாது.

நவம்பர் உன் மாதம். உன் மாதத்திலேயே முடிந்துவிட்டால் எல்லாருக்கும் நல்லது. உனக்குச் சொந்த வீடு, அம்மாவின் கல்லறையும் அங்கேதான். மாதம் தாண்டிவிட்டால் டிசம்பரையும் நீயே வைத்துக்கொள். கிறிஸ்துமஸுக்கு அப்பா வேண்டும் என்றாயே, வைத்துக்கொள். பதிலுக்கு அடுத்த வருஷம் பிப்ரவரியோடு சேர்த்து மார்ச்சையும் நான் பார்த்துக்கொள்கிறேன், இருந்தால்.

இதைக் கல் மனசோடு எழுதுகிறேன் என்று நினைக்காதே. அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறார். “போவமா தாயி?” என்று மூன்று தரம் கேட்டுவிட்டார்.

தங்கபாய்


ராஜபாளையம்
4.11.1990

அக்காவுக்கு,

ஒன்றாம் தேதி ஒன்பதரையிலிருந்து மதியம் வரை பஸ் ஸ்டாண்டில் நின்றேன். அப்பாவைக் காணோம். உடம்பு முடியாதவரை இந்த மழையில் அனுப்ப உனக்கே மனசு வரவில்லை போலிருக்கிறது என்று திரும்பிவிட்டேன். நல்லது. அதை ஒரு வரி எழுதிப் போட்டிருக்கலாம்.

மில் திறந்துவிட்டது. ரெண்டாம் ஷிப்ட். பத்து நாள் கழித்து அனுப்பினாலும் சரி.

ஞானதுரை


ஸ்ரீவில்லிபுத்தூர்
6.11.1990

ஞானதுரை,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. அப்பாவை ஒன்றாம் தேதியே ஏற்றிவிட்டேன். நானே ஜன்னலோர சீட்டில் உட்கார வைத்தேன். பஸ் கிளம்பும்வரை நின்றேன். ஐந்து நாள் ஆகிறது. பாவி, ஐந்து நாள் சும்மா இருந்திருக்கிறாயே! நானும் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போய் வந்துகொண்டிருந்தேன்.

உங்கள் மில் இருளப்பசாமி மாமியார் வீட்டுக்கு வந்திருக்கிறான். அவன் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் கண்டக்டர்களை விசாரிக்கிறேன். நீ ஆஸ்பத்திரியில் போய்ப் பார். நீ தேடு, நீ தேடு.

தங்கபாய்


ராஜபாளையம்
9.11.1990

அக்காவுக்கு,

அப்பா கிடைத்துவிட்டார். உயிரோடு இருக்கிறார். முதலில் அதை வாசித்துக்கொள்.

கண்டக்டர் அடையாளம் சொன்னதை வைத்து, ஊருக்குள் ரோடு பிரிகிற வன்னியம்பட்டி விலக்கில் இறங்கி விசாரித்தேன். விலக்கிலிருந்து ஒரு மைல் உள்ளே வீரணன் என்பவருடைய மாந்தோப்பு. பம்ப்செட் ரூமில் அப்பா கயிற்றுக்கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். தோப்புக்குக் காவல் இருக்கிறாராம். ரெண்டு வேளை சோறு வீரணன் வீட்டிலிருந்து வருகிறது. அந்த மனுஷனைக் கேட்டேன், “பெரியவரு வேலை கேட்டு வந்தாரு. புள்ளைய இருக்கான்னு கேட்டேன், இல்லேன்னாரு” என்றார்.

நடந்ததை அப்பாவே சொன்னார். ஊக்குக் குத்தும்போது நீ அழுதாயாம். நீ அழுது அவர் பார்த்ததில்லையாம். மகள் வீட்டில் என்னவோ நடந்திருக்கிறது, வாய்விட்டுச் சொல்லாமல் தம்பிக்கு எழுதுகிறாள் என்று நினைத்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்த காலேஜ் பெண்ணிடம் கடிதத்தை வாசிக்கச் சொல்லியிருக்கிறார். அந்தப் பிள்ளை பாதியில் நிறுத்திவிட்டு, “போதும் தாத்தா” என்றிருக்கிறது. “முழுக்க வாசி தாயி” என்றிருக்கிறார். வாசித்து முடித்ததும் விசில் அடிக்கச் சொல்லி இறங்கிவிட்டார்.

கடிதத்தை எனக்கும் காட்டினார். வாசித்தேன். உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. குழாயடியில் அவர் விழுந்த அன்றைக்கு, ஒன்றாம் தேதி வரை தாங்கிவிடவேண்டும் என்றுதான் நானும் நினைத்தேன். நான் எழுதவில்லை, நீ எழுதிவிட்டாய். அவ்வளவுதான் வித்தியாசம்.

வீட்டுக்கு வாங்கப்பா என்று காலைப் பிடித்தேன். கோபப்படவே இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. “ஏலே, நான் எந்த மாசம் சாவணும்னு ரெண்டு பேரும் தனித்தனியா எழுதிக்கிட்டா எப்படி? ரெண்டு பேரும் சேந்து வாங்க. எம் முன்னால ஒக்காந்து பேசுங்க. பொறவு எங்க கூப்பிட்டாலும் வாரேன்” என்றார்.

வருகிற பதினெட்டு ஞாயிற்றுக்கிழமை. பதினொரு மணிக்கு விலக்கில் நிற்கிறேன். நீ என் வாசலை மிதிக்கவேண்டாம். ரோட்டில் நின்றால் போதும்.

ஞானதுரை


ஸ்ரீவில்லிபுத்தூர்
13.11.1990

தம்பி,

வருகிறேன். அந்தக் கடிதத்தை மட்டும் அவரிடமிருந்து எப்படியாவது வாங்கிக் கிழித்துப் போட்டுவிடு. உனக்குப் புண்ணியமாகப் போகும்.

தங்கபாய்


ஸ்ரீவில்லிபுத்தூர்
19.11.1990

தம்பிக்கு,

நேற்று நான் வரவில்லை என்று திட்டியிருப்பாய். வந்தேன்.

பத்தே முக்கால் பஸ். ஓரத்து சீட். விலக்கு வந்ததும் எழுந்து நின்றுவிட்டேன். கீழே நீ, ரத்தினம், அப்பா. நாம் தோப்புக்குள் நடந்து போய் அவரைப் பார்க்கத்தான் என்னை வரச்சொன்னாய் என்று நினைத்திருந்தேன். அப்பா ரோட்டுக்கே வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, புதிதாகச் சவரம் செய்த முகம், கையில் துணிப்பை. கூப்பிட்டுக்கொண்டு போகப்போகிறார்கள் என்று பையையும் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். இறங்குகிற ஒவ்வொரு பொம்பிளை முகத்தையும் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

என்னால் முடியவில்லை ஞானதுரை. அந்த முகத்துக்கு முன்னால் போய் நின்று, இருந்தால் மார்ச்சையும் பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதினவள் நான்தான் என்று எப்படிச் சொல்வேன்? உட்கார்ந்துவிட்டேன். சேலையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டேன். “யம்மா, வன்னியம்பட்டி டிக்கெட்டு நீங்கதான?” என்று கண்டக்டர் கத்தினார். ராஜபாளையம் வரைக்கும் சேர்த்துக் கொடுங்கள் என்றேன்.

ராஜபாளையத்தில் இறங்கிக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெட்டிமேல் கை வைத்துச் சொன்ன சொல்லைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். அவளிடம் சொல்லிவிட்டேன், அப்பாவிடம் சொல்ல முடியவில்லை. ஒரு மணி பஸ்ஸில் திரும்பும்போது நீ மட்டும் அதே இடத்தில் நின்றாய். அப்போதும் நான் இறங்கவில்லை.

நீ அப்பாவைப் பார்க்கும்போது இதைச் சொல். அம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள் என்று மட்டும் சொல். அவருக்கு அது போதும். பொறவு நான் தனியாக வந்து அவர் காலில் விழுகிறேன். அவர் வா என்று ஒரு வார்த்தை சொன்னால் வருவேன். நீ எனக்கு எழுது.

தங்கபாய்


ஸ்ரீவில்லிபுத்தூர்
10.12.1990

தம்பி,

சொன்னாயா? ஒரு கார்டு போடக்கூடாதா? வேறு வீடு பார்த்துவிட்டேன். ரெண்டு ரூம். வீட்டுக்காரரிடம் எங்கள் அப்பா எங்களோடு இருப்பார், கடைசி வரைக்கும் இருப்பார், சம்மதமா என்று கேட்டுத்தான் முன்பணம் கொடுத்தேன். சரி என்றார்.

தங்கபாய்


ராஜபாளையம்
26.12.1990

அக்காவுக்கு,

நேற்று கிறிஸ்துமஸ். ஆராதனை முடிந்ததும் தோப்புக்குப் போனேன். ரத்தினம் செய்த முறுக்கும் அச்சுமுறுக்கும் தூக்குச்சட்டியில் கறிக்குழம்பும் கொண்டுபோனேன். அப்பா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கால் ரெண்டும் வீங்கியிருக்கிறது. குழம்பைத் தொடவில்லை. “ரெண்டு பேரும் சேந்து வாங்கன்னு சொன்னேன். ஒத்தையில வராதலே. இனிமே வந்தா வீரணங்கிட்ட சொல்லி வெளிய அனுப்பச் சொல்லிருவேன்” என்றார்.

உன்னை அன்றைக்கு அவர் பார்த்திருக்கிறார். பஸ் நின்றபோதே பார்த்துவிட்டாராம். “தலையில முக்காடு போட்டா எம் மவள எனக்குத் தெரியாதா? எனக்கு எழுத்துதாம்லே தெரியாது” என்றார். அன்று என்னிடம் உன்னைப் பார்த்ததாகச் சொல்லவில்லை. அவ வரலைலே என்று பையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார்.

அப்புறம் தூக்குச்சட்டியைத் தள்ளி வைத்தார். “அந்தப் பஸ்ஸுல எங்கலே போனா? ஒனக்கு எழுதுனாளா?” என்று கேட்டார்.

உன் ரெண்டு கடிதமும் என் சட்டைப் பையில்தான் இருந்தன. சொல்லத்தான் எடுத்துக்கொண்டு போனேன், சத்தியம். அம்மாகிட்ட போனா என்று சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே உன்னை மன்னித்திருப்பார். வீங்கின காலோடு பையைத் தூக்கிக்கொண்டு நேரே உன் புது வீட்டுக்கு வந்திருப்பார். மயங்கி விழுந்தவரைத் தூக்கினவன் நான், ஊரெல்லாம் தேடிக் கண்டுபிடித்தவன் நான், ரோட்டில் ரெண்டு மணி நேரம் நின்றவன் நான். கடைசியில் அவர் உன்னிடம் வருவார்.

எனக்குப் பொறுக்கவில்லை அக்கா. தெரியாதுப்பா, அவ ஒண்ணும் எழுதல என்று சொல்லிவிட்டேன்.

ஞானதுரை